இலட்சமும் கோடியும்

மகாசபைக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கும் ஐந்தொகையும் வாசிக்கப்படுகின்றன. தேநீர்ச் செலவு 400 ரூபாய் என்றதும் அங்கத்தினர் பலர் எழுந்து விளக்கம் கேட்கின்றனர். நூல் இருப்பு பல இலட்சம் என்றதும் எவரும் வாய் திறப்பதில்லை. 400 ரூபாயை நாம் கையால் எண்ணியிருக்கிறோம். இலட்சத்தையும் கோடியையும் பெரும்பாலும் காதால் மட்டுமே கேட்டிருக்கிறோம். ஆகவே, பேரெண்களை நமக்குப் பழகிய பொருள்களைக் கொண்டு அளந்தறியும் முறையை இங்கே காண்போம்.

முதலில் காலத்தை எடுத்துக்கொள்வோம். 1 இலட்சம் வினாடி என்பது ஏறக்குறைய 28 மணி நேரம். 1 கோடி வினாடி 115 நாட்களுக்கு மேலாகும். 100 கோடி வினாடியோ 31 ஆண்டுகளைக் கடந்துவிடும். முதலாவது நாளைக்கு முடிவது. கடைசியானது ஒரு தலைமுறைக் காலம்.

நெசவாளர் நூலைக் கொண்டு அளக்கலாம். ஒரு சிட்டம் 840 கெஜம். 40-ஆம் நம்பர் நூலில் ஓர் இராத்தலுக்கு, அதாவது ஏறக்குறைய 454 கிராமுக்கு, 40 சிட்டங்கள். அவற்றின் நீளம் 33,600 கெஜம். எனவே 1 இலட்சம் கெஜ நூல் சுமார் 3 இராத்தல். கையில் எடுத்துச் செல்லலாம். 1 கோடி கெஜமோ 10 இராத்தல் கொண்ட கட்டுகளில் ஏறக்குறைய 30 கட்டு. அதற்கு வண்டி வேண்டும்.

பயிரிடுவோர்க்கு நெல்லே அளவுகோல். ஆயிரம் மணிகள் 20 கிராம் நிற்கும் இரகத்தில் 1 இலட்சம் மணிகள் 2 கிலோ. 1 கோடி மணிகள் 200 கிலோ. 100 கோடி மணிகள் 20 டன்.

இவ்வாறு அளந்து பார்ப்பதன் பயனை நான் ஒரு சங்கத்தில் நேரில் கண்டேன். நூல் இருப்பின் மதிப்பு 24,00,000 ரூபாய் என்று வாசிக்கப்பட்டது. சபை அதனை ஏற்கும் தறுவாயில் முதிய நெசவாளர் ஒருவர் எழுந்து, "கட்டு 1,200 ரூபாய் என்றால் இது 2,000 கட்டு ஆகிறதே! நம் கிடங்கில் 300 கட்டுக்கு மேல் வைக்க இடமேது, ஐயா?" என்று வினவினார். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தோம். உண்மைத் தொகை 2,40,000 ரூபாய்தான். படியெடுக்கையில் ஒரு சுழி மிகுந்துவிட்டது. அத்தொகை அப்படியே ஏற்கப்பட்டிருப்பின், 1,800 கட்டுகளைக் காணோம் என்னும் பழி குற்றமற்ற கிடங்குப் பொறுப்பாளர் மேல் விழுந்திருக்கும்.

ஆதலின், பெருந்தொகை எதுவாயினும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கத்தினர் ஒருவருக்கு இது எவ்வளவு? பொருளாயின் எத்தனை கட்டு, எத்தனை மூட்டை? சென்ற ஆண்டைப் போல் இது எத்தனை மடங்கு? இவற்றிற்கு வகுத்தற்கணக்குத் தெரிந்தால் போதும். தணிக்கையாளர் வந்து பார்ப்பது ஆண்டில் சில நாட்களே. சங்கத்தின் கிடங்கையும் தறியையும் வயலையும் நாள்தோறும் காண்பவர் அங்கத்தினரே. அடுத்த மகாசபைக்கு ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டு வாருங்கள்.