பால் கொடுக்கச் சிரமப்படும் தாயைக் குறை சொல்லாதீர்கள்



"ரெண்டு வருஷம் பால் கொடுக்கணும்னு குர்ஆனே சொல்லுது" என்று மருமகளை நெருக்குபவர்கள் அந்த ஆயத்தை (2:233) முழுமையாக ஓதட்டும். இரண்டு ஆண்டு என்பது பாலூட்டலைப் பூர்த்தி செய்ய விரும்புவோருக்கு. யார் மீதும் சக்திக்கு மீறிய சுமை இல்லை, பிள்ளையைக் கொண்டு தாய்க்குத் தீங்கு செய்யக்கூடாது என்பதும் அதே ஆயத்தில்தான் வருகிறது.

ஆட்டிசம் உள்ள பெண்களும் தாயாகிறார்கள். பலருக்கு அது கண்டறியப்படாமலே, 'ஒரு மாதிரியான பொண்ணு' என்ற பெயர் மட்டும் இருக்கும். சிலருக்குத் தோலில் படும் தொடுதலே தாங்க முடியாது; அத்துடன் குழந்தையின் அழுகையும் பார்க்க வருவோரின் பேச்சும் சேர்ந்தால் நிலைகுலைந்து போவார்கள். இது பாசக்குறைவல்ல. சில குழந்தைகளுக்கும் இந்தக் கூச்சம் உண்டு. மார்பில் வைத்தாலே திமிறும். குழந்தை மூஸா (அலை) செவிலித்தாய்களிடம் பால் குடிக்காததை சூரத்துல் கஸஸ் (28:12) கூறுகிறது. அந்தப் பெண்களை அல்லாஹ் குறை கூறவில்லை.

அறையில் கூட்டத்தைக் குறையுங்கள், விளக்கை மங்கலாக்குங்கள். பீய்ச்சி எடுத்த பாலைத் தகப்பன் புகட்டலாம். ஏடிஎச்டி உள்ள தாய் நேரத்தை மறந்தால் கணவர் போனில் அலாரம் வைக்கட்டும். மருந்து எடுப்பவர், டாக்டரைக் கேளாமல் மருந்தையோ பாலையோ நிறுத்த வேண்டாம்.

அதன் பிறகும் முடியாவிட்டால், பெற்றோர் இருவரும் மனமொத்து, 'தஷாவுர்' அதாவது மஷ்வரா செய்து பால் மறக்கடிக்கலாம். (அந்த மஷ்வராவில் மாமியாருக்கு ஓட்டு இல்லை!) வேறு பெண்ணைக் கொண்டு பாலூட்டவும் ஆயத்தில் அனுமதி உண்டு. அப்படிச் செய்தால் அவர் பெயரைக் குறித்து வையுங்கள். பால்குடி உறவால் திருமணம் ஹராமாகும்.