ஏ.சி.யின் காற்று வேகம்: கணக்கு எங்கே தப்புகிறது?

நம் ராயகிரி, சங்கரன்கோவில் வட்டாரத்தில் சங்க உறுப்பினர்கள் பலர் வீட்டில் இப்போது ஏ.சி. இருக்கிறது. இரவு கடை அடைத்து வந்ததும் ரிமோட்டில் 18 டிகிரி வைக்கிறோம். கரண்டு மிச்சமாகும் என்று காற்று வேகத்தைக் குறைக்கிறோம். நானும் அப்படித்தான் செய்துவந்தேன். இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் தப்பு.

ஏ.சி. இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, அறையின் வெப்பத்தை வெளியேற்றுவது. மற்றொன்று, காற்றிலுள்ள ஈரத்தை நீராக்கி வடிப்பது. அது பிறந்ததே இந்த இரண்டாவது வேலைக்காகத்தான். 1902-ல் நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தில், ஈரக்காற்றால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் சரியாகப் பொருந்தவில்லை. அதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்த இயந்திரமே இன்றைய ஏ.சி.க்கு முன்னோடி. சிவகாசி அச்சகத்தாருக்கு இந்தத் தொல்லை புரியும்.

காற்று வேகம்தான் இந்த இரண்டு வேலைக்கும் பலத்தைப் பங்கிடுகிறது. வேகம் கூடினால் உள்ளேயிருக்கும் குளிர்ந்த சுருளின்மேல் அதிகக் காற்று போகிறது. அறை விரைவில் குளிர்கிறது. வேகம் குறைந்தால் சுருள் மேலும் குளிர்ந்து ஈரம் அதிகம் வடிகிறது. ஆனால் அறை குளிர நேரமாகிறது.

ஆகவே நாம் செய்ய வேண்டியது:

1. பங்குனி, சித்திரை வறண்ட வெயிலில் முதலில் வேகத்தைக் கூட்டி வையுங்கள். அறை குளிர்ந்தபின் குறைக்கலாம்.

2. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலப் புழுக்கத்தில் வேகம் குறைவாக இருக்கட்டும். அல்லது ரிமோட்டில் 'டிரை' வையுங்கள்.

3. எதை வைப்பது என்று தெரியாவிட்டால் 'ஆட்டோ' போதும்.

4. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவுங்கள். ஒரு கோடையில் என் வீட்டு ஏ.சி.யிலிருந்து நள்ளிரவில் தண்ணீர் சொட்டியது. புதிது வாங்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். மெக்கானிக் திறந்து பார்த்தால் சுருள் முழுக்க ஐஸ்! ஃபில்டரில் தூசி அடைப்பு, அதோடு குறைந்த வேகம். கழுவியதும் சரியாகிவிட்டது.

இனி செலவுக் கணக்கு. 1 டன் ஏ.சி.யில் கம்ப்ரசர் சுமார் 1,000 வாட் இழுக்கும். உள் விசிறிக்குச் சில பத்து வாட்தான். அதைக் குறைத்து மிச்சம் பிடிப்பது, மூட்டையை விட்டுவிட்டுச் சிந்திய மணியைப் பொறுக்குவது போல. வெப்பநிலையை 1 டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம். 2020 முதல் புதிய ஏ.சி.கள் தாமாகவே 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது விதி. 18 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பதும் சாதாரண ஏ.சி.யில் உண்மையல்ல, கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், அவ்வளவே.

26 டிகிரி வைத்து, மேலே சீலிங் ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். தூக்கமும் வரும், அடுத்த பில்லிலும் வித்தியாசம் தெரியும்.