மின்சாரக் கார்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

இரும்பையிலிருந்து திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்குப் போய் வண்டியை நிறுத்தினால், மணிலா மூட்டை என்ன விலைக்குப் போகிறது என்று நாங்கள் கேட்பதற்கு முன்பே, "மின்சாரக் கார் கட்டுப்படியாகிறதா?" என்று எங்களைக் கேட்டுவிடுகிறார்கள். நின்ற இடத்தில் பதில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. சங்க அன்பர்கள் பலரும் இதே கேள்வியோடு இருப்பதால், அண்ணன் தம்பி நாங்கள் இருவரும் எங்கள் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறோம்.

மளிகைக் கடை நடத்தும் நாங்கள் 2022 தை மாதம் இந்தக் காரை வாங்கினோம். இதுவரை 70,000 கி.மீ. தாண்டிவிட்டது. திண்டிவனம் 30 கி.மீ.க்குச் சற்று மேல், விழுப்புரம் 40 கி.மீ.க்கு மேல், புதுச்சேரி சுமார் 10 கி.மீ. வசூலுக்கும், சாம்பிள் பார்ப்பதற்கும், சில்லறைச் சரக்குக்கும் இந்த மூன்று ஊர்களையே சுற்றி வருகிறோம். சராசரியாகப் பார்த்தால் நாள் ஒன்றுக்கு 70 கி.மீ. ஓட்டம் வருகிறது. இந்த 70 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாக் கணக்கும் இதைப் பிடித்துத்தான் நிற்கிறது.

முதலில் யூனிட். மின்சாரக் காரின் பேட்டரியை "கிலோவாட் அவர்" என்ற அளவில் சொல்லி விற்கிறார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. ஒரு கிலோவாட் அவர் என்பது, நம் வீட்டு மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டேதான். எங்கள் கார் பேட்டரி 30 யூனிட் பிடிக்கும். ஒருமுறை நிரப்பினால் 300 கி.மீ.க்கு மேல் ஓடும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். சோதனைக் கூடத்தில் ஓடியிருக்கலாம். ஏ.சி. போட்டு, மூன்று பேர் உட்கார்ந்து, நான்குவழிச் சாலையில் 80-இல் போனால் எங்களுக்குக் கிடைப்பது 210. நூறைத் தொட்டால் அதுவும் குறையும். ஆக, பேட்டரியில் உள்ள ஒரு யூனிட்டுக்கு 7 கி.மீ. ஆனால் மீட்டரில் ஓடும் யூனிட் முழுவதும் பேட்டரிக்குள் போவதில்லை. வழியில் சூடாகச் சிறிது வீணாகும். மூட்டையை அவிழ்த்துச் சில்லறை கட்டும்போது சேதாரம் வருகிறதல்லவா, அதுபோல. மீட்டர் யூனிட்டுக்கு 6 கி.மீ. என்று வைப்பதே நேர்மையான கணக்கு.

அடுத்தது, அந்த யூனிட் என்ன விலை? நம்மவர்கள் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். மொத்த மின்கட்டணத்தை மொத்த யூனிட்டால் வகுத்து, "யூனிட் 4 ரூபாய்தானே" என்கிறார்கள். நம் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் கட்டணம். விளக்கு, விசிறி, ஃபிரிட்ஜ் எல்லாம் கீழ்ப்படிகளைப் பிடித்துக்கொள்ளும். புதிதாக வரும் கார், எல்லாவற்றுக்கும் மேல்படியில்தான் உட்காரும். மாதம் 25 நாள் ஓட்டத்தில் இரண்டு மாதத்துக்கு எங்கள் கார் ஏறக்குறைய 580 யூனிட் குடிக்கிறது. எனவே யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று வைத்தே நாங்கள் கணக்குப் போடுகிறோம். கடை மீட்டரில் சார்ஜ் போடலாம் என்று நினைப்பவர்கள் வணிகக் கட்டண விகிதத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நெடுஞ்சாலை ஓட்டல்களில் உள்ள வேக சார்ஜரில் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும், ஆனால் கட்டணம் கிட்டத்தட்ட இரட்டிப்பு.

யூனிட் 10 ரூபாய், 6 கி.மீ. ஓட்டம் என்றால் கி.மீ.க்கு 1 ரூபாய் 67 காசு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், 15 கி.மீ. மைலேஜ் என்றால் கி.மீ.க்கு 6 ரூபாய் 67 காசு. வித்தியாசம் சரியாக 5 ரூபாய்.

அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிட எங்கள் கார் 5 லட்ச ரூபாய் கூடுதல். கி.மீ.க்கு 5 ரூபாய் மிச்சம் என்றால் ஒரு லட்சம் கி.மீ. ஓடினால்தான் அந்த 5 லட்சம் திரும்ப வரும். நாள் 70 கி.மீ. வீதம் ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 21,000 கி.மீ. ஐந்து ஆண்டுக்குள் போட்டது வந்துவிடும். பெரும்பாலான கம்பெனிகள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் தருகின்றன. அதற்குள் மீதி ஓட்டம் நமக்கு லாபம். ஆனால் வீட்டிலிருந்து கடைக்கும் கோயிலுக்குமாக நாளைக்கு 15 கி.மீ. மட்டும் ஓட்டுகிறவருக்கு? ஆண்டுக்கு 4,500 கி.மீ. அவருக்கு அந்தப் பணம் திரும்ப 22 ஆண்டுகள் ஆகும். கார் அத்தனை ஆண்டு இருக்காது. "ஓட்டம் குறைவுதான், அதனால் மின்சாரக் கார் வாங்கலாம்" என்று சொல்பவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். பத்து ஆண்டுக்கான எரிபொருளில் பெரும்பங்கை இன்றே மொத்தக் கொள்முதல் செய்து வீட்டில் நிறுத்துவதுதான் மின்சாரக் கார் வாங்குவது. விற்பனை இல்லாத ஊரில் லாரி லோடு இறக்கினால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இது புதுப் பாடமும் அல்ல. சென்ற நூற்றாண்டில் இங்கிலாந்தில் வீடு வீடாகப் பால் போட மின்சார வண்டிகளைத்தான் ஆயிரக்கணக்கில் வைத்திருந்தார்கள். ஈயப் பேட்டரி, ஆமை வேகம். ஆனால் தினமும் அதே தெருக்கள், வீட்டுக்கு வீடு நிறுத்தம், முடிந்ததும் டிப்போவுக்குத் திரும்பி சார்ஜ். விடியற்காலையில் சத்தமும் இல்லை. நம் பக்கத்திலும் முயற்சிகள் நடந்தன. 1993இல் டில்லி வாகனக் கண்காட்சியில் "லவ்பேர்டு" என்ற இருவர் அமரும் மின்சாரக் கார் வந்தது. கேரளத்துச் சாலக்குடியோடும் நம் கோயம்புத்தூரோடும் தொடர்புள்ள தயாரிப்பு அது. விற்பனை சொல்லும்படி இல்லை. 2001இல் பெங்களூரிலிருந்து "ரேவா" வந்தது. லண்டன் வரை போய் ஓடியது. 2010இல் மஹிந்திரா அதை வாங்கிக்கொண்டது. இரண்டிலும் ஈயப் பேட்டரி. ஓட்டம் குறைவு, சில ஆண்டுகளில் பேட்டரி மாற்றும் செலவும் வரும். லித்தியம் பேட்டரி வந்த பிறகுதான், திண்டிவனம் போய்த் திரும்ப முடியுமா என்ற கவலை இல்லாத கார் நம் கைக்கு வந்தது.

இனி வைத்திருப்பதில் உள்ள சங்கடங்கள். கார் வந்த முதல் இரவு சார்ஜ் ஏறவே இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. கார் மீது கோபப்பட்டோம். பார்த்தால், எங்கள் வீட்டில் எர்த் சரியில்லை. இருபது ஆண்டாக மிக்ஸியும் கிரைண்டரும் எர்த் இல்லாமலே ஓடியிருக்கின்றன, நாங்கள் உயிரோடு இருப்பது ஆச்சரியம்தான். எலெக்ட்ரீஷியன் புதிதாகக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுக் கம்பி இறக்கினார். உப்பு மட்டும் நம் கடையில் எடுத்தது. தனி வயர், தனி 15 ஆம்பியர் பிளக், தனி பிரேக்கர் போட்ட பிறகு இதுவரை தொந்தரவு இல்லை. காலியான பேட்டரி நிறையப் பத்து மணி நேரம் ஆகும். இரவு போட்டால் காலையில் தயார். கார் வாங்கும் முன் வீட்டு ஒயரிங்கையும், அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்பதையும் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாவது, பெரிய பேட்டரி நிறைந்திருக்கும்போதே கார் ஒருநாள் கதவைக்கூடத் திறக்கவில்லை. மின்சாரக் காரிலும் விளக்கு, பூட்டு போன்றவற்றுக்கு 12 வோல்ட் சிறிய பேட்டரி ஒன்று தனியாக உண்டு. அது செத்தால் கார் கட்டை. இப்போது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கேட்காமலே மாற்றிவிடுவது என்று வைத்திருக்கிறோம். ஆயில் மாற்றும் செலவு இல்லை. காலை எடுத்தாலே மோட்டார் வண்டியை இழுத்துப் பிடிப்பதால் பிரேக் கட்டை இன்னும் பழையதுதான். வண்டி கனம், அதனால் டயர் சீக்கிரம் தேயும். முன் டயர்களை 35,000 கி.மீ.யில் மாற்றினோம். மொரட்டாண்டி டோல்கேட்டில் மின்சாரக் கார் என்று யாரும் குறைத்து வாங்குவதில்லை.

மழைக்காலத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 தானே புயலை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் நின்று கொட்டியதில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. எச்சரிக்கை முன்பே வந்திருந்தும் நாங்கள் காரைச் சார்ஜில் போட்டது தாமதமாகத்தான். 55 சதவீதம் ஏறியபோது மின்சாரம் போய்விட்டது. 115 கி.மீ. ஓட்டம் கையில். எங்கள் அம்மாவுக்கு வாரம் இருமுறை புதுச்சேரியில் டயாலிசிஸ்.

தண்ணீர் நிற்கும் சாலைகளைத் தவிர்த்துச் சுற்றிப் போனதில் முதல் தடவையே 45 கி.மீ. ஆகிவிட்டது. மீதி 70. தெருவில் மெழுகுவத்தி, தீப்பெட்டி, பால் பவுடருக்கு ஜனங்கள் கடையில் வந்து நிற்கிறார்கள். இன்னொரு நடை போய்ச் சரக்கு எடுத்து வந்தால் நல்ல வியாபாரம். தம்பி சாவியை எடுத்துவிட்டான். மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாமல் அந்த நடையைப் போக அண்ணனுக்கு மனம் வரவில்லை. அன்று வீட்டில் சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது. கடைசியில் சாவி அம்மாவின் தலையணைக்கடியில் போயிற்று. டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கொண்டுவர முடிந்ததை மட்டும் கொண்டுவந்து விற்றோம். அதற்கும் பெட்ரோல் எளிதில் கிடைக்கவில்லை. பங்க்கில் பம்பு ஓடுவதும் மின்சாரத்தில்தானே, ஜெனரேட்டர் உள்ள இடத்தில் நீண்ட வரிசை. டிசம்பர் 5 காலை அம்மாவை இரண்டாம் தடவை அழைத்துப் போய், அவர் மெஷினில் இருந்த நான்கு மணி நேரத்தில் மார்க்கெட்டில் மெழுகுவத்திப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டோம். வீடு திரும்பியபோது காட்டியது 14 சதவீதம். அன்று இரவு எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்தது. அந்த ஐப்பசி, கார்த்திகைக்குப் பிறகு, வானிலை அறிக்கையில் "காற்றழுத்தத் தாழ்வு" என்ற சொல்லைக் கேட்டாலே காரைச் சார்ஜில் போட்டுவிடுகிறோம்.

வரி விஷயம் இரண்டு சொல்லி முடிக்கிறோம். மின்சார வாகனத்துக்கு ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்ட் முதல் 5 சதவீதம். சிறிய பெட்ரோல் காருக்கு 28 சதவீதமும் செஸ்ஸும் இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்துவிட்டது. ஆகவே பழைய விலை வித்தியாசத்தை நம்பாமல், இன்றைய இரண்டு கொட்டேஷனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்தது, கடை பெயரில் கார் வாங்கினால் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் நம்புகிறார்கள். ஆட்கள் பயணம் செய்யும் காருக்கு, அது மின்சாரக் காராகவே இருந்தாலும், நம்மைப் போன்ற மளிகை வியாபாரிக்கு அந்த வரவு கிடையாது. சரக்கு வாகனத்துக்கு உண்டு, காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களைத் தவிர. ஆகவே மூட்டை ஏற்றுவதுதான் முக்கிய வேலை என்றால், மின்சார லோடு ஆட்டோவையோ 2022இல் வந்த டாடா ஏஸ் மின்சார வண்டியையோ பார்ப்பதே முறை. சொந்தக் காரில் சரக்கு அடிப்பது சட்டப்படியும் சரியல்ல.

வாங்க நினைப்பவர்கள் இப்போது உள்ள வண்டியிலேயே மூன்று மாதம் தினசரி கி.மீ. குறித்துவாருங்கள். ஒரு பக்கத்தில் ஓட்டம், மறுபக்கத்தில் எந்த ஊர், இரவு வண்டி வீட்டுக்கு வந்ததா என்பது. நாங்கள் வாங்கும் முன் எழுதிய நோட்டும், அதன் பிறகான மின்கட்டண ரசீதுகளும் கடையில் இருக்கின்றன. ஞாயிறு மதியம் கடை மூடியிருக்கும் நேரத்தில் வந்தால் உட்கார்ந்து பார்க்கலாம்.