மடிந்த மாடுகளும் அரசின் உதவித்தொகையும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவில் பேரிடரால் கால்நடைகளை இழந்த பண்ணையாளர்களுக்கு நடுவண் அரசு வழங்கும் உதவித்தொகை, மாடு மடிந்த கையோடு வந்து சேர்ந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. தெற்கு டகோட்டா மாநிலத்தின் மேற்குப் பகுதியில், மீட் போன்ற கவுன்டிகள், அதாவது மாநிலத்துக்குள் மாவட்டம் போல அமைந்த ஆட்சிப்பிரிவுகள், 2013இல் கண்டது இதற்கு நேர்மாறானது. அவ்வாண்டு அக்டோபர் தொடக்கத்தில் ‘அட்லஸ்’ எனப்பட்ட பனிப்புயல் வீசியபோது, மந்தைகள் கோடைக்கால மேய்ச்சல் நிலங்களிலேயே இருந்தன; குளிர்காலத்துக்குரிய அடர்ந்த ரோமமும் அவற்றுக்கு இன்னும் வளர்ந்திருக்கவில்லை. முதலில் பெய்த மழை தோல்வரை நனைத்துவிட, பின்னர் சூறைக்காற்றோடு பனி கொட்டியதால், காற்றுக்கு முதுகு காட்டியபடியே நகர்ந்த மாடுகள் ஓடைகளிலும் பள்ளங்களிலும் வேலியோரங்களிலும் கூட்டம் கூட்டமாக மடிந்தன.

மடிந்தவை பல்லாயிரம். ஆனால், கால்நடை இழப்பீட்டுத் திட்டத்துக்கான சட்ட அனுமதி 2011 செப்டம்பரிலேயே காலாவதியாகியிருந்தது. போதாக்குறைக்கு, நிதி ஒதுக்கீட்டுத் தகராறால் நடுவண் அரசு அலுவலகங்கள் பலவும் அந்த வாரத்தில் மூடிக்கிடந்தன. 2014 பிப்ரவரி 7 அன்று கையெழுத்தான வேளாண் சட்டம் திட்டத்தை முன்தேதியிட்டு உயிர்ப்பித்த பின்னரும், விண்ணப்பங்கள் ஏப்ரல் 15 முதல்தான் பெறப்பட்டன. இடைப்பட்ட ஆறு மாதங்களும் கடன் தவணையும் தீவனச் செலவும் காத்திருக்கவில்லை.

கேட்டவர்க்கெல்லாம் கேள்வியின்றிப் பணம் தரப்படுகிறது என்ற நம்பிக்கையில் பாதி உண்மை உண்டு. அதை மறைப்பது முறையன்று. வறட்சிக்கால மேய்ச்சல் உதவியைப் பொறுத்தவரை, வாரந்தோறும் வெளியாகும் வறட்சி வரைபடத்தில் கவுன்டி குறிப்பிட்ட கடுமையை எட்டினாலே தகுதி பிறக்கிறது. தன் நிலத்தில் புல் கருகியதைத் தனியொருவர் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இறப்புக்கான இழப்பீடோ அப்படிப்பட்டதன்று. நிழற்படங்கள், கால்நடை மருத்துவரின் சான்று, கொள்முதல் பதிவேடுகள், சடலங்களை அகற்றியதற்கான ரசீது போன்ற ஆவணங்களால் ஒவ்வொரு இறப்பையும் நிறுவியாக வேண்டும். புயலுக்குப் பின் பனிக்குவியலில் புதைந்த மாட்டைத் தேடி, காதுவில்லையின் எண்ணைக் குறித்துக்கொண்டு, பின்னரே அதைப் புதைப்பதென்பது, அந்த மந்தையைக் கன்றிலிருந்து வளர்த்த ஒருவருக்கு எத்தகைய வேலை என்பதை விண்ணப்பப் படிவம் காட்டாது.

இழப்பு முழுவதையும் அரசே ஈடுகட்டுகிறது என்பது மூன்றாவது நம்பிக்கை. பண்ணையாளருக்கு மிகப் பெரிய அநீதி இழைப்பதும் இதுவே. எந்த மந்தையிலும் ஆண்டுதோறும் இயல்பாகச் சில மாடுகள் இறக்கும் என்பதால், அந்த ‘இயல்பான இறப்பு’ அளவைக் கழித்து, மிஞ்சியவற்றுக்கு மட்டுமே சராசரிச் சந்தை மதிப்பில் 75 விழுக்காடு தரப்பட்டது. எடுத்துக்காட்டாக, 40 மாடுகளை இழந்தவரின் இயல்பான இறப்பு 4 என்று கொண்டால், அவர் பெறுவது 36 மாடுகளுக்கான தொகையில் முக்கால் பங்கு. வசந்தத்தில் கன்று ஈன வேண்டிய பசுக்கள் அக்டோபரில் சினையாக இருந்தன. வயிற்றுக் கன்று அப்போது கணக்கில் வரவில்லை. 2025இல் நிறைவேறிய சட்டமே அதற்கும் தொகை வழங்க வழிசெய்தது, அதுவும் 2024 ஜனவரி 1 முதல் நேர்ந்த இழப்புகளுக்கு மட்டும்.