கலன் பெரிதானால் வினை ஏன் மாறுகிறது?

கேள்வி: ஆய்வகக் குடுவையில் சுத்தமாக நடக்கும் வேதிவினை, ஆலையின் பெரிய கலனில் வேண்டாத பொருளையும் சேர்த்துத் தருகிறதே, ஏன்? பாய்வைக் கணினியில் கணக்கிட்டு இதை முன்பே அறிய முடியாதா?

பதில்: ஓரளவு முடியும். எடுத்துக்காட்டாக, ஊற்றிய அமிலம் குடுவையில் சட்டென்று பரவிவிடும். பெரிய கலனில் அது பரவுவதற்குள், ஊற்றிய இடத்திலேயே வினை முந்திக்கொள்கிறது. பக்கவிளைபொருள் பிறப்பது அங்கேதான்.

1953இல் பிரிட்டிஷ் பொறியாளர் டாங்க்வெர்ட்ஸ், திரவத்தின் எந்தப் பகுதி கலனுக்குள் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று அளந்து கலனை மதிப்பிட வழிகாட்டினார். ஆனால், கலனுக்குள் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்பதை அந்த அளவு காட்டாது. கலனைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, பாய்வை விவரிக்கும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைத் தீர்க்கும் கணினிதான் அதைக் காட்டுகிறது.

சிக்கல், கட்டத்தின் அளவில் இருக்கிறது. கிலோவுக்கு ஒரு வாட் வீதம் கலக்கப்படும் தண்ணீரில் மிகச் சிறிய சுழல் சுமார் 30 மைக்ரான். அத்தனை நுணுக்கமாகப் பிரித்தால் ஒரு கன மீட்டருக்கே ஏறத்தாழ 30 லட்சம் கோடி கட்டங்கள்! வேதிப்பொருளின் செறிவு மாறும் தூரமோ அதிலும் முப்பதில் ஒரு பங்குதான். அதனால் இந்த நுண்ணிய அளவில் நடக்கும் கலப்பை நேரடியாகக் கணக்கிடாமல் மாதிரிகளால் ஊகிக்கிறார்கள். கணினி தரும் வண்ணப்படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். சோதனையோடு ஒத்துப்போன கணக்கை மட்டும் நம்புங்கள்.