கூடாரமும் கோயிலும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., கணிதம்)

இறைவன் எங்கே இருக்கிறார் என்னும் வினா எல்லாச் சமயங்களுக்கும் பொதுவானது. அவ்வினாவுக்குக் கிறித்தவ மறைநூல் தரும் விடை ஒரே நாளில் சொல்லி முடிக்கப்பட்டது அன்று. சற்றேறக்குறைய ஆயிரம் ஆண்டுக் காலத்தில் பல கைகளால் எழுதப்பட்ட நூல்களினூடே மெல்ல மெல்ல வளர்ந்த விடை அது. அவ்வளர்ச்சியை இக்கட்டுரையில் காண்போம். நம் கல்லூரியில் கிறித்தவரல்லாத நண்பர்களே மிகுதியாதலின், விவிலியத்தை முன்பே படித்தவர்க்கு மட்டும் விளங்கும்படி எழுதாமலிருக்க முயல்கிறேன்.

இவ்வினா நம் பகுதியில் ஏட்டுச் சுரைக்காயன்று. கிண்டியிலிருந்து தாம்பரம் வரும் வழியில் பரங்கிமலை உச்சியில் போர்த்துக்கீசியர் 1523இல் எழுப்பிய ஆலயம் நிற்கிறது. அங்கு 1547இல் கண்டெடுத்த, பாலவி எழுத்துகள் பொறித்த கற்சிலுவையைக் காண இன்றும் மக்கள் படியேறுகின்றனர். அதே வழியில் பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர்ப் பக்கங்களில், கடைகளின் மாடியிலும் வாடகை மண்டபத்திலும் தகரக் கொட்டகையிலும் ஞாயிறுதோறும் சபைகள் கூடுகின்றன. முன்னதே கோயில், பின்னது வெறுங்கூடம் என்பார் ஒரு சாரார். கல்லும் சுண்ணாம்பும் எதற்கு என்பார் மற்றொரு சாரார். இரு திறத்தாரும் ஒரே நூலைத்தான் சான்று காட்டுகின்றனர். வியப்பென்னவென்றால், இருவருக்கும் அதில் சான்று உண்டு.

பழைய ஏற்பாட்டின் தொடக்கத்தில் கோயிலே இல்லை. ஆபிரகாம் போகுமிடமெல்லாம் பலிபீடம் கட்டுகிறார். பின் அவ்விடத்தை விட்டுப் பெயர்ந்து போகிறார். அவர் பேரன் யாக்கோபு, வழியில் ஒரு கல்லைத் தலைக்கு வைத்து உறங்கிக் கனவு கண்டு விழித்து, கடவுள் இங்கிருப்பதை அறியாமற்போனேனே என்று அஞ்சுகிறார். அக்கல்லை நிறுத்தி, எண்ணெய் வார்த்து, அவ்விடத்துக்குப் பெத்தேல் என்று பெயரிடுகிறார். கடவுளின் வீடு என்பது அதன் பொருள். சுவரும் இல்லை, கூரையும் இல்லை. நூலில் முதன்முதல் அப்பெயர் பெற்ற இடத்தில் இருந்தது ஒரு கல்தான்.

எகிப்திலிருந்து வெளியேறிய இசுரயேல் மக்கள் பாலைநிலத்தில் அலைந்தபோதுதான் வழிபாட்டுக்கென ஓர் அமைப்பு தோன்றுகிறது. அது கூடாரம். யாத்திராகமம் அதன் அளவுகளை ஒரு பொறியாளர் குறிப்பேடு போலத் தருகிறது. வெளிமுற்றம் நூறு முழ நீளம், ஐம்பது முழ அகலம். உள்ளே மரப்பலகைகளால் ஆன உறைவிடம். பலகைகளின் அளவையும் திரை தொங்கும் இடத்தையும் கொண்டு கணக்கிட்டால், அதன் கடைசி அறையாகிய மகா பரிசுத்த இடம் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பத்துப் பத்து முழம் வரும். முழத்தை ஒன்றரை அடியாகக் கொண்டால் பதினைந்து அடிக் கனசதுரம். இவ்வடிவத்தை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னர்த் தேவைப்படும்.

அவ்வறையில் இருந்தது உடன்படிக்கைப் பெட்டி. அதைச் சுமக்க இரு தண்டுகள் வளையங்களில் கோத்திருந்தன. அத்தண்டுகளை ஒருபோதும் கழற்றக்கூடாது என்பது கட்டளை. நம்மூர் உற்சவரைப் பல்லக்கில் எழுந்தருளச் செய்யும் தண்டுகள் திருவிழா முடிந்ததும் மண்டபத்தில் சாத்தி வைக்கப்படும். அங்கே தண்டு எப்போதும் பூட்டியே இருக்க வேண்டும். எந்நேரமும் புறப்பட ஆயத்தமாக இருக்கும் தெய்வத்தை அது காட்டுகிறது. கூடாரம் அமைக்கச் சொன்ன கட்டளையும் நுட்பமானது. மக்கள் ஒரு திருவிடத்தை அமைக்க வேண்டும். தாம் ‘அவர்கள் நடுவே’ வாழும்படி என்கிறார் கடவுள். ‘அதனுள்ளே’ வாழும்படி என்று சொல்லவில்லை.

தாவீது அரசரானதும் தாம் மர மாளிகையில் வாழக் கடவுள் திரைக்குள் இருப்பதா என்று வருந்திக் கோயில் கட்ட எண்ணுகிறார். நாத்தான் இறைவாக்கினர் வழியே வந்த மறுமொழி அவர் எதிர்பாராதது. இதுவரை கூடாரத்திலேயே உலவி வந்தேன், எனக்கு வீடு கட்டித் தாருங்கள் என்று எவரையாவது கேட்டதுண்டா என வினவுகிறார் கடவுள். ஆயினும் தாவீதின் மகன் சாலமோன் கட்டட்டும் என இசைவு தருகிறார். கேட்டுப் பெற்றதன்று, இசைந்து ஏற்றது என்பதே எருசலேம் கோயிலைப் பற்றி நாம் முதலில் அறியவேண்டுவது.

அக்கோயில் அறுபது முழ நீளம், இருபது முழ அகலம், முப்பது முழ உயரம் உடையது. அதன் உள்ளறை இருபது முழக் கனசதுரம். கூடாரத்து அறையைப்போல் எட்டு மடங்கு கொள்ளளவு. அதைக் குறிக்கும் எபிரேயச் சொற்களுள் ஒன்று ‘ஹேகால்’. அரண்மனைக்கும் அதே சொல்தான். கோ என்னும் அரசனின் இல்லமே கோயில் எனக் கண்ட தமிழனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆயின் திறப்பு விழாவன்றே சாலமோன் தம் வேண்டுதலில், வானங்களும் கொள்ளாத உம்மை இவ்வீடு எங்ஙனம் கொள்ளும் என்று கேட்டுவிடுகிறார். பெட்டியின் தண்டுகளும் கழற்றப்படவில்லை. அவற்றின் நுனி உள்ளறையின் முன்னிருந்து தெரிந்ததாக நூல் குறிக்கிறது.

நாளடைவில் மக்கள் தண்டுகளை மறந்தனர். கோயில் இருக்கும்வரை நகருக்கு அழிவில்லை என நம்பினர். எரேமியா கோயில் வாயிலிலேயே நின்று அந்நம்பிக்கையைத் தாக்கினார். அயலானையும் அநாதையையும் கைம்பெண்ணையும் ஒடுக்கிவிட்டுக் கோயிலின் பெயரை மும்முறை சொல்லிக்கொண்டு வருவதால் பயனில்லை, முன்பு சீலோவில் இருந்த திருவிடத்துக்கு நேர்ந்ததைப் போய்ப் பாருங்கள் என்றார். கி.மு. 587ஆம் ஆண்டு வாக்கில் பாபிலோனியர் கோயிலை எரித்தனர்.

இங்கேதான் இந்நெடுங்கதையின் திருப்பம் என்பது என் கருத்து. கோயில் அழிந்தால் தெய்வமும் தோற்றது என்பதே அக்கால உலகின் வழக்கு. சிறைப்பட்டுப் பாபிலோனில் இருந்த எசேக்கியேல் வேறொன்று கண்டார். கேபார் ஆற்றங்கரையில், அந்நிய மண்ணில், கடவுளின் அரியணை அவருக்குத் தோன்றியது. அதற்குச் சக்கரங்கள் இருந்தன! தேரோடும் ஊர்களில் பிறந்த நமக்கு அக்காட்சி புதிதன்று. மற்றொரு காட்சியில், இறைமாட்சி கோயிலின் உள்ளிருந்து வாசற்படிக்கும், அங்கிருந்து கீழை வாயிலுக்கும், பின் நகருக்குக் கிழக்கேயுள்ள மலைக்கும் படிப்படியாக, தயங்கித் தயங்கிச் செல்வதுபோல், வெளியேறுகிறது. எதிரி வந்து துரத்தவில்லை. அநீதி பொறாமல் தானே நீங்கியது.

மீண்டு வந்தவர்கள் இரண்டாம் கோயிலைக் கட்டினர். உள்ளறையில் பெட்டி இல்லை. கி.மு. 63இல் ரோமத் தளபதி பாம்பே அவ்வறைக்குள் நுழைந்தபோது அங்கு எவ்வுருவமும் இல்லை என்பதை வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதி வைத்துள்ளார்.

புதிய ஏற்பாட்டுக்கு வருவோம். யோவான் தம் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், கடவுளின் வார்த்தை மனிதரானதைச் சொல்லும்போது, கூடாரம் அடித்துத் தங்குதல் என்னும் பொருளுடைய கிரேக்க வினையைக் கையாள்கிறார். பாலைநிலக் கூடாரத்தை நினைந்தே அச்சொல்லை அவர் தேர்ந்தார் என்பர் அறிஞர். தமிழில் இது என்னாயிற்று? 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பில் ‘வாசம்பண்ணினார்’ என்று உள்ளது. கூடாரம் மறைந்துவிட்டது எனத் தோன்றும். ஆனால் அதே மொழிபெயர்ப்பு யாத்திராகமத்துக் கூடாரத்தை ‘வாசஸ்தலம்’ என்றே அழைக்கிறது. ‘வாசம்’ என்னும் வேர் இரண்டையும் இணைத்துவிடுகிறது. 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியத்தில் ‘குடிகொண்டார்’ என வருகிறது. ஊர் எல்லையில் அம்மன் குடிகொண்டிருக்கிறாள் என நாம் சொல்லும் அதே சொல்! எபிரேயர் அக்கூடாரத்துக்கு இட்ட மற்றொரு பெயரைப் பழைய மொழிபெயர்ப்பு ‘ஆசரிப்புக் கூடாரம்’ என்றது; புதியது ‘சந்திப்புக் கூடாரம்’ என்கிறது. ஆசரிப்பு மனிதர் செய்வது. சந்திப்புக்கு இருவர் வேண்டும். மூலத்தின் பொருளும் சந்திப்பே. ஓசையில் பழையதும் பொருளில் புதியதும் எனக்கு உவப்பானவை.

சமாரியப் பெண் ஒருத்தி இயேசுவிடம் கேட்ட கேள்வி ஏறக்குறைய நம் இரு சாராரின் வாதமே. எங்கள் முன்னோர் இந்தக் கெரிசீம் மலையில் தொழுதனர், நீங்களோ எருசலேம் என்கிறீர்கள், எது சரி என்கிறாள். அம்மலையிலும் அன்று எருசலேமிலும் அன்று, ஆவியிலும் உண்மையிலும் தொழும் காலம் வருகிறது என்பது அவர் மறுமொழியின் கருத்து.

பவுல் கொரிந்து நகரச் சபைக்கு எழுதும்போது, நீங்கள் கடவுளின் கோயில் என்கிறார். கிரேக்கத்தில் இந்த ‘நீங்கள்’ பன்மை. தமிழில் ஒருவரை மரியாதையாக அழைப்பதற்கும் இதே சொல் வழங்குவதால், தனக்கு மட்டும் சொன்னதாகப் படிப்பவர் எண்ணிக்கொள்ள இடமுண்டு. பவுல் சொன்னது கூட்டத்தை. அக்கூட்டமோ கோயிலில் கூடவில்லை. ஆக்கில்லா, பிரிசில்லா தம்பதியர் வீட்டில் ஒரு சபை இருந்ததை அவர் கடிதங்கள் குறிக்கின்றன. அவ்விருவரும் பவுலும் செய்த தொழில் எது தெரியுமா? கூடாரம் செய்வது!

மக்களே கோயில் என்றால் மக்களுக்குள் சுவர் எழுப்பலாகுமா? எருசலேம் கோயில் முற்றத்தில் அயலினத்தார் தாண்டக்கூடாத தடுப்பு ஒன்று இருந்தது. மீறினால் மரணம் என எச்சரிக்கும் கிரேக்கக் கல்வெட்டு 1871இல் கிடைத்தது. அச்சுவர் இடிபட்டது என எபேசியர் மடல் அறிவிக்கிறது. அம்மடலை வாசித்த தமிழ்நாட்டுச் சபைகளிலேயே சாதிக்கோர் இருக்கை இருந்ததால்தான், 1833இல் பேராயர் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி கூடாது என ஆணையிட நேர்ந்தது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த ஆலயமோ சாதிப் பிரிவினர் ஒருவரையொருவர் காணாமல் அமர இரு கைகளாகவே கட்டப்பட்டது. தடுப்பு அகன்றது 1910ஆம் ஆண்டு வாக்கில்தான். வழக்கு உயர்நீதிமன்றம்வரை சென்றது. கல்லாலான கோயிலா, வாடகைக் கூடமா என்ற வாதத்தைவிட இவ்வரலாறே எரேமியாவின் வினாவுக்கு அருகில் நிற்கிறது என எண்ணுகிறேன். மாடியில் கூடும் சபைக்கும் அவ்வினாவிலிருந்து விலக்கில்லை. சுவர் எழுப்பச் செங்கல் தேவைப்படுவதில்லை.

இறைவன் உள்ளுறைவதைத் தமிழ் மரபின் துணைகொண்டு விளக்க முனைந்தவர்களும் உண்டு. 1938 டிசம்பரில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் அதற்கென எழுதிய நூல், கிறித்தவத்துக்கும் பிற சமயங்களுக்கும் இடையே உள்ள பிளவையே வலியுறுத்தியது. அதே ஆண்டு சென்னையிலிருந்து வெளிவந்த தொகுப்பு நூலில் பி. செஞ்சையா, வி. சக்கரை முதலியோர் வேறு நோக்கை முன்வைத்தனர். பாளையங்கோட்டையில் பிறந்து பின்னர்க் கோவைப் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி, யோவான் நற்செய்தியைப் பக்தி நெறியாகக் கண்டவர். இராமானுசரின் ‘அந்தர்யாமி’ என்னும் கருத்தைக் கொண்டு உள்ளுறையும் இறைவனை விளக்கினார். இராமானுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர் தாம்பரத்துக்கு மேற்கே அதிகத் தொலைவில் இல்லை என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

எருசலேமின் இரண்டாம் கோயிலை ரோமர் கி.பி. 70இல் தகர்த்தனர். அதன்பின் எழுதப்பட்டதாகப் பலரும் கருதும் வெளிப்படுத்தின விசேஷத்தின் இறுதியில், வானிலிருந்து இறங்கும் புதிய நகரைக் காண்கிறோம். அங்கே கோயிலைத் தாம் காணவில்லை என்கிறார் அதன் ஆசிரியர். அதற்கு முன்பே நகரின் அளவைத் தந்துவிடுகிறார்: நீளம், அகலம், உயரம் மூன்றும் சமம், ஒவ்வொன்றும் பன்னிரண்டாயிரம் ஸ்தாதி. மீண்டும் கனசதுரம்! ஆண்டுக்கொருமுறை தலைமைக் குரு ஒருவர் மட்டும் நுழைந்த பதினைந்து அடி அறை, இங்கே ஒரு நகராகவே விரிந்துவிட்டது. ஸ்தாதியை 185 மீட்டர் எனக் கொண்டால் ஒரு பக்கம் ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். ஒரு மூலையைக் கன்னியாகுமரியில் வைத்தால் அடுத்த மூலை தில்லியை நெருங்கும். அதற்குப் பன்னிரண்டு வாயில்கள். அவை பகலில் அடைக்கப்படுவதில்லை. இரவோ அங்கு இல்லை.