பயம் சிலிண்டர் மேல், ஆபத்து தரையில்

"சிலிண்டர் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும்."

'சிலிண்டர் வெடித்து வீடு தரைமட்டம்' என்று செய்தி வரும். பல விபத்துகளில் உருளை உடையாமல் அப்படியே கிடக்கும். வெடித்தது, அதிலிருந்து கசிந்து அறையை நிரப்பிய கேஸ். நெருப்பில் வெகுநேரம் கிடந்து சூடேறினால் உருளையும் வெடிக்கும்தான். ஆனால் கதை பெரும்பாலும் கசிவில்தான் ஆரம்பிக்கிறது.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கொட்டிய தண்ணீர்போல் தரையோடு பரவி, மேடைக்கு அடியிலும் மூலையிலும் தேங்கும். காற்றில் அதன் அளவு சுமார் 2 முதல் 9 சதவீதம் இருந்தால் ஒரு சிறு பொறி போதும். அந்தப் பொறியை நாமே கொடுப்பதுதான் கொடுமை. ராத்திரியில் வாடை வந்தால் கை தானாக லைட் சுவிட்சுக்குப் போகிறது. அடுத்து, "வாடை போகட்டும்" என்று எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு. போடவும் கூடாது, எரிகிற லைட்டை அணைக்கவும் கூடாது. இரண்டிலும் சுவிட்சுக்குள் பொறி உண்டு. ஃபிரிட்ஜ் நம்மைக் கேட்காமலே ஓடி நிற்கும், அதிலும் பொறி வரலாம். சாமி விளக்கு எரிந்தால் அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியேறுங்கள். மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே, தள்ளி இருந்தால் மட்டும் அதை அணைக்கலாம். கேஸ் கசிவு அவசர எண்ணான 1906-க்கு ஃபோன் செய்வது வாசலைத் தாண்டிய பிறகு.

"கசிந்தால் வாடை வராதா, எனக்குத் தெரியாதா?"

கேஸுக்கென்று சொந்த வாடை கிடையாது. கசிவு தெரியட்டும் என்று மெர்காப்டனைக் கலந்து அனுப்புகிறார்கள். உள்ளேயே இருப்பவரின் மூக்குக்கு அது கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். சளி பிடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். வெளியிலிருந்து வந்த மாமியார் "என்னம்மா, கேஸ் வாடை?" என்றால் வாதம் செய்யாதீர்கள், அவர் மூக்கு புதுசு. சிலிண்டர் மாற்றியதும் சோப்பு நுரையை ரெகுலேட்டர் மேலும் டியூப்பின் இரு முனையிலும் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

"சாய்த்து வைத்தால் இன்னும் ரெண்டு நாள் ஓடும்."

சிக்கனம் என்ற பேரில் நடக்கும் மிக மோசமான காரியம் இது என்பேன். உருளைக்குள் இருப்பது திரவம். மேலே எழும் ஆவி மட்டுமே ரெகுலேட்டர் வழியாக வர வேண்டும். சாய்த்தால் திரவமே டியூப்பில் இறங்கக்கூடும். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 250 லிட்டர் கேஸாக விரியும், அடுப்பில் ஜுவாலை ஆளுயரம் எழலாம். வெந்நீரில் நிறுத்தி வைப்பதும் வேண்டாத வேலை.

சிலிண்டரில் எழுதியிருக்கும் 'பி-27' கேஸின் காலாவதித் தேதி இல்லை. அந்த உருளையை 2027 ஜூனுக்குள் மறுபரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். கெடு தாண்டியதை வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

"தீ என்றால் தண்ணீர்."

எரிகிற எண்ணெய்ச் சட்டிக்கு இந்த விதியை மறந்துவிட வேண்டும். ஊற்றிய தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய், நொடியில் சுமார் 1,700 மடங்கு ஆவியாக விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரைவரை வாரி இறைக்கும். அடுப்பை அணைத்து, பக்கவாட்டிலிருந்து ஒரு தாம்பாளத்தைத் தள்ளி மூடுங்கள். ஆறும்வரை திறக்காதீர்கள், சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடவும் வேண்டாம். மைதா தூவி அணைக்கலாம் என்பதும் தப்பு, மாவே எரியும். எண்ணெய் தீப்பிடிக்கும் முன் புகைந்து காட்டும். பலகாரம் சுடும் நாளில் ஃபோன் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் பேசுங்கள்.

"எம்.சி.பி. இருக்கிறது, கவலையில்லை."

அளவுக்கு மீறி கரண்ட் இழுத்தால்தான் அந்தத் தானியங்கி சுவிட்ச் விழும். பிளக் தளர்ந்து சூடாவது பெரும்பாலும் அதற்குத் தெரியாது. சாக்கெட்டைச் சுற்றிப் பழுப்புக் கறை படிந்திருந்தால் அன்றே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

"சுட்ட இடத்தில் பேஸ்ட் தடவு, இங்க் ஊற்று."

குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், ஐஸ் வேண்டாம். வீங்கும் முன் வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். பேஸ்ட்டும் மஞ்சளும் சூட்டை உள்ளேயே நிறுத்தும். இங்க் பூசிக்கொண்டு போனால், காயம் எவ்வளவு ஆழம் என்று பார்ப்பதற்காக மருத்துவர் அதைத் துடைத்து எடுக்க வேண்டியிருக்கும், வெந்த தோல் மேலேயே.